எட்டு ஏ, எட்டு பி

20-6-2001, புதன்

மழை வருவதுபோலக் காட்டிவிட்டுச் சத்தியவேடு பக்கம் போய்விட்டது. நகரியில் புழுக்கம் மட்டும் மிச்சம்.

இன்று எட்டாம் வகுப்பைப் பிரித்தேன். ஆந்திரப் பக்கத்து எங்கள் பள்ளியில் தமிழ் மீடியத்தில் வருடா வருடம் பிள்ளைகள் குறைகிறார்கள். தறி நின்ற வீடுகள் பெங்களூருக்குப் போகின்றன. தறி ஓடுகிற வீடுகள் பிள்ளைகளைக் கான்வென்டில் சேர்க்கின்றன. எப்படியோ இரண்டு பிரிவு தேறியது. ஏ பிரிவுக்கு நான் தமிழ் எடுக்கிறேன், என் புது முறையில். பாடத்தை நான் விளக்கமாட்டேன். பிள்ளைகள் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து பேசி, தாங்களே கேள்வி கேட்டு, தாங்களே காரணத்தோடு பதில் தேட வேண்டும். பி பிரிவு ஜெயச்சந்திரன் சாருக்கு. அவர் எப்போதும்போல வாசித்து, விளக்கி, கேள்வி பதிலைப் போர்டில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யவைப்பார். வருடக் கடைசியில் இரண்டு பிரிவுக்கும் ஒரே பரீட்சை. யார் நன்றாக எழுதுகிறார்கள், யார் யோசிக்கிறார்கள் என்று ஒப்பிட வேண்டும். அதுதான் என் எம்.பில். ஆய்வு.

"நான் எப்பவும் நடத்துறாப்பல நடத்தணும், அவ்ளோதானே ருக்மணிம்மா? அதுல எனக்கு என்ன கஷ்டம்" என்றார் ஜெயச்சந்திரன் சார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. 'பழைய முறை' என்று ஒருவரை முகத்துக்கு நேரே சொல்வது எப்படி?

கல்பனாவும் பத்மாவதியும் இரட்டைப் பிள்ளைகள். விசைத்தறி ஓட்டுகிற ஏழுமலையின் பெண்கள். போன வாரம் திருப்பதியில் என் வழிகாட்டி நாகேந்திரன் சாரிடம் பேச்சுவாக்கில் இவர்களைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஒரே வீடு, ஒரே வயசு, ஒரே சாப்பாடு! ஆளுக்கொரு பிரிவுல போடுங்கம்மா. இப்படி ஒரு ஜோடி எல்லாருக்கும் கிடைக்காது."

கல்பனாவை ஏ-யில் போட்டேன். பத்மாவதியை பி-யில். இரண்டு பேரும் வராந்தாவில் கை கோத்துக்கொண்டு நின்றார்கள், யார் எந்தக் கதவுக்குள் போக வேண்டும் என்று தெரியாதவர்கள் மாதிரி.

22-6-2001

அந்தப் பெண்களின் அம்மா செங்கம்மா வந்திருந்தார். தலையெல்லாம் பஞ்சுத் தூசு.

"ஒண்ணா பொறந்ததுங்கள இன்னாத்துக்கு டீச்சர் பிரிச்சி குந்த வெச்சிகிறீங்க?"

ஓர் ஆராய்ச்சிக்காக என்றேன்.

"ஆராய்ச்சியா? எதுனா நோவா அதுங்களுக்கு?"

இல்லை இல்லை என்று சொல்லிச் சிரித்து அனுப்பிவைத்தேன். வீட்டுக்கு வந்தபின் அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

3-7-2001, செவ்வாய்

புது முறையின் முதல் நாள் படுதோல்வி.

நானே எழுதிய ஒரு சிறு பத்தியைக் கொடுத்தேன். ஒரு வீட்டில் பட்டப்பகலில் விளக்கு எரிகிறது. தெருவில் போகிற தபால்காரர் நின்று பார்க்கிறார், சிரித்துவிட்டுப் போகிறார். அவ்வளவுதான். "இதைப் பற்றி நீங்கள் பேசிக்கொள்ளுங்கள்" என்றேன்.

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பதில் சொல்வேன், எழுதிக்கொள்ளலாம் என்று பேனா மூடியைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்கள். "டீச்சர், இதுல கோடிட்ட இடம் எங்க?" என்று ஒரு பையன் கேட்டான்.

மணி அடிக்கப் போகிற நேரத்தில் கல்பனா எழுந்தாள். "டீச்சர், அவங்க ஊட்ல கரண்டு போயிருந்திருக்கும். திரும்ப வந்தா தெரியணும்னு சுவிச்ச போட்டே உட்டுகினு இருப்பாங்க. எங்க ஊட்லயும் அப்படித்தான். தபால்காரு ஊட்லயும் அப்படி இருக்கும். அதான் சிரிக்கறாரு."

இதை எழுதியவள் நான். எனக்கே இது தோன்றவில்லை. மறந்துபோய் அணைக்காமல் விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்து எழுதினேன்.

11-7-2001

ஹெட்மாஸ்டர் கதவருகே வந்து, "ஏன்ட்டம்மா ஈ கோல?" என்று தெலுங்கில் கேட்டார், இது என்ன கூச்சல் என்று. சந்தைக்கடை மாதிரி இருக்கிறதாம். இருக்கத்தான் செய்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு மெல்லப் பேசவே தெரியவில்லை.

முதலில் நானும் அதட்டினேன். பிறகுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகள். அந்தச் சத்தத்தைத் தாண்டி வீட்டில் எவ்வளவு பேச முடியும்? 'தா', 'நிறுத்து', 'துன்னியா', 'தூங்கு'. அதற்கு மேல் நீளமான ஒரு வாக்கியம் அந்த வீட்டில் யார் வாயிலிருந்து யார் காதுக்குப் போய்ச் சேரும்? பேச்சு வராத பிள்ளைகள் என்று ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

சத்தமாகவே பேசட்டும். ஜன்னலை மட்டும் சாத்திக்கொள்கிறேன்.

30-7-2001

கல்பனா இன்று நான் கேட்காமலேயே 'ஏனென்றால்' என்று சொன்னாள். சந்தோஷத்தில் எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

14-8-2001, செவ்வாய்

பக்கத்து அறையில் பி பிரிவு ஒரே குரலில் செய்யுள் ஒப்பிக்கும்போது என் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். அது அழகாகத்தான் இருக்கிறது. அதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும். பழையதில் எல்லாமே குப்பை இல்லை.

சாப்பாட்டு வேளையில் ஜெயச்சந்திரன் சார் கேட்டார்: "இன்னிக்கு பசங்களுக்கு என்ன கேள்வி கொடுத்தீங்க?"

"சார், அது உங்களுக்குத் தெரியக் கூடாது."

அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டார். கோபப்படவில்லை. "சரிம்மா, சரிம்மா" என்றார். அவருடைய மனசை நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

23-8-2001, வியாழன்

நேற்று விநாயக சவிதி. இன்றைக்கும் பாதிப் பிள்ளைகள் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் திரும்பவில்லை. பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிட்டது.

மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் ஏழுமலை வீட்டுத் தெரு. கரண்டு இல்லை. அந்தத் தெருவில் கரண்டு இல்லையென்றால் காது அடைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அந்த அமைதியில் கல்பனாவின் குரல் கேட்டது. நின்றேன்.

உள்ளே தார் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் நூல் சுற்றுகிற வேலை. ராட்டையில் கல்பனா, எதிரே பத்மாவதி, இன்னும் நாலைந்து பெண்கள், எல்லாரும் பி பிரிவு. நான் முந்தானையை இழுத்துச் செருகுகிற மாதிரியே கல்பனா பாவாடையைச் செருகிக்கொண்டு, "இதப் பத்தி நீங்க பேசிக்குங்க" என்றாள்.

முந்தாநாள் வகுப்பில் கொடுத்த பத்தி. ஒருவன் ஊரைவிட்டுப் போகும்போது வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கிறான். கல்பனா கேட்டாள்: "அவன் ஏன் சாவிய எடுத்துகினு போவல?" பி பிரிவுப் பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பத்மாவதி வெகுநேரம் பேசாமல் நூலை ஓட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம், "அது கெடக்கட்டும். பக்கத்து ஊட்டுக்காரங்க ஏன் வாங்கிக்கினாங்க? அவங்களும் போவணும்னா இன்னா பண்ணுவாங்க?" என்றாள்.

என் வகுப்பில் எவரும் கேட்காத கேள்வி.

வெளியே கூடையோடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போகவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. வந்தது.

25-8-2001

திருப்பதி. நாகேந்திரன் சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். "கலந்துபோச்சேம்மா. அப்புறம் எதை எதோட ஒப்பிடுவீங்க? அந்தப் பொண்ணுகிட்ட வீட்ல பேசக் கூடாதுன்னு சொல்லிடுங்க."

அவர் சொல்வது ஆராய்ச்சிக்குச் சரி. மருந்து சாப்பிடுகிறவனையும் சாப்பிடாதவனையும் ஒரே கிண்ணத்தில் குடிக்கவிட்டால் என்ன தெரியும்?

27-8-2001, திங்கள்

சொன்னேன். கல்பனாவைத் தனியாகக் கூப்பிட்டு, "வகுப்பில் பேசுவதைப் பத்மாவிடம் சொல்லாதே" என்றேன்.

"ஏன் டீச்சர்?"

இரண்டு மாதமாக நான் கற்றுக்கொடுத்த சொல். அவள் காத்துக்கொண்டிருந்தாள், முறைப்பாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு.

"ஒன்றுமில்லை. நீ போ. எப்போதும்போலப் பேசிக்கொள்" என்றேன்.

5-11-2001, திங்கள்

என்னத்தை எழுதுவது. கை ஓடவில்லை.

ஏழுமலை வந்தார். தசராவோடு அவர் வீட்டில் ஒரு தறி நின்றுவிட்டதாம். நூல் விலை ஏறிவிட்டது, லுங்கிக்கு ஆர்டர் இல்லை. பெங்களூர் பக்கம் தொட்டபள்ளாபுரத்தில் ஒரு முதலாளி தறி ஓட்டக் கூப்பிடுகிறார். தீபாவளி முடிந்ததும் போகிறார். தறிப் பக்கத்திலேயே அறை உண்டு. இங்கே மிச்சமுள்ள தறியைச் செங்கம்மா பார்த்துக்கொள்வார்.

"நான் ஷிப்ட்டுக்குப் போனா சோறாக்க, தார் சுத்த ஒரு கை வோணும் டீச்சர். ரெண்டு பொண்ணுல எது நல்லா படிக்குதுன்னு சொல்லுங்க. அத்த இங்க உட்டுட்டு இன்னொண்ண இட்டுகினு போறேன்."

அவர் அதைக் கொடுமையாகச் சொல்லவில்லை. நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்றுதான் டீச்சரிடம் கேட்க வந்திருக்கிறார். சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டு, தலை வாரிக்கொண்டு.

"கல்பனாதான் கெட்டின்னு எல்லாரும் சொல்றாங்க. பத்மா அவ்ளோ பேசாது. நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

காலாண்டுத் தேர்வில் கல்பனா மேலே, பத்மாவதி கீழே. அது உண்மை. இன்னொன்றும் உண்மை. பத்மாவதியைக் கீழே வைத்தது யார்? நாகேந்திரன் சார் சொன்னார், நான் பெயரை எழுதினேன். ஒரு பேனாக் கோடு. அன்றைக்குக் கல்பனாவை பி-யில் எழுதியிருந்தால் இன்றைக்கு இந்த மனுஷன் பத்மாவை விட்டுவிட்டுக் கல்பனாவைக் கூட்டிப்போவார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "சரிங்க டீச்சர்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். ஐயோ, கும்பிடாமலாவது போயிருக்கலாம்.

9-11-2001

என் வீட்டுக்காரர் வெங்கட் இன்று லீவில் வந்திருந்தார். திருமலையில் அறை ஒதுக்கும் கவுன்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து, யார் என்ன சொன்னாலும் முழுசாகக் கேட்கிற பொறுமை இவருக்கு வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி படிக்கிறார்கள் என்று பொய் சொல்லிவிடவா என்று கேட்டேன்.

"சொன்னா, வேற ஏதாவது பார்த்து ஒண்ண எடுத்துப்பான். உசரமா இருக்கறவ, சமைக்கத் தெரிஞ்சவ, இப்படி. நீ என்ன பண்ணினியோ அதையே போய்ச் சொல்லு."

"சொன்னால் மட்டும் என்ன ஆகும்?"

"தெரியாது. ஆனா அவன் உன் மார்க்க நம்பித்தானே வந்திருக்கான். அந்த மார்க் எப்படி வந்ததுன்னு அவனுக்குத் தெரிய வேணாமா?"

புளிக்குழம்பு அவர்தான் வைத்தார். நான் உட்கார்ந்திருந்தேன்.

11-11-2001, ஞாயிறு

ஏழுமலை வீட்டுக்குப் போய்வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

கரண்டு இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். செங்கம்மா தறியின் மேல் துணி போர்த்திக்கொண்டிருந்தார். பெண்கள் இரண்டு பேரும் ராட்டைப் பக்கத்தில். வாசலில் கடைசிப் பிள்ளை பவன்குமார் மட்டையை வைத்துக்கொண்டு சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தான். நம் பள்ளியில்தான் ஆறாம் வகுப்பு. எனக்கு ஸ்டூல் போட்டார்கள்.

சொன்னேன். இரண்டு பிரிவிலும் வேறு வேறு மாதிரி சொல்லிக்கொடுக்கிறோம். யார் எந்தப் பிரிவு என்று முடிவு செய்தது நான். பத்மா மார்க் குறைவாக வாங்குவது அவளுடைய குறை இல்லை.

ஏழுமலை பத்மாவைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ பத்மா மக்கு இல்லேன்றீங்க."

"இல்லை. அவளை அப்படிக் காட்டினது நான்தான்."

"இன்னாத்துக்கு டீச்சர் அப்படி பண்ணீங்க?" என்றார் செங்கம்மா.

"எது நல்ல முறைன்னு தெரிஞ்சுக்க."

"தெரிஞ்சிகினீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் ஏழுமலை பேசினார். "சரி டீச்சர். தப்பு ஒண்ணுமில்ல. ஆனா நீங்க சொல்றதால எனக்கு வேல நின்னுடல. ஒருத்தி வந்தாத்தான் எனக்கு சோறு. ரெண்டும் சமம்னா எத்த இட்டுகினு போறது?"

கல்பனா, "நான் வரேன் நைனா" என்றாள். இதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். இனி மற்றவளும் நான் வருகிறேன் என்பாள், இரண்டும் அழும், செங்கம்மா அழுவார், கடைசியில் ஒருத்தி போவாள்.

பத்மாவதி அழவில்லை. நூலை அறுத்து முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"நைனா, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"எங்க ரெண்டு பேர்ல யாரு, யாருன்னே கேட்டுகினு இருக்க. நாங்க மூணு பேராச்சே?"

அவருக்கு முதலில் புரியவில்லை. எனக்கும்தான். வாசலில் பந்து சுவரில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் புரிந்தது.

"அவன் பையன்மே."

"அதான் கேக்கறேன் நைனா. பையன்னா ஏன்?"

அடிப்பாரோ என்று பயந்து நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். அவர் அடிக்கவில்லை. செங்கம்மா சட்டென்று சிரித்துவிட்டார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. ஏழுமலை எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

பத்மா என்னைப் பார்த்து, "தப்பா கேட்டுட்டேனா டீச்சர்?" என்றாள்.

"இல்லைம்மா." வேறு என்ன சொல்ல?

ஒரு வாரமாக நான் இந்த விஷயத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். வெங்கட்டிடம் பேசினேன், ஜெயச்சந்திரன் சாரிடம் பேசினேன். நாங்கள் மூன்று பேரும் படித்தவர்கள். ஒருவருக்காவது அந்தப் பையன் ஞாபகம் வந்ததா? தினமும் பள்ளிக்கூட வராந்தாவில் பார்க்கிற பையன்.

12-11-2001

இரண்டு பேரும் வரவில்லை.

13-11-2001

இன்றும் இல்லை. நாளை தீபாவளி. கூட்டிக்கொண்டு போய்விட்டாரோ? நான் போய் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒருத்தியாவது வகுப்பில் இருந்திருப்பாளே. ஏன் போனேன்? நியாயம் பேசுகிறேன் என்று போய் வீட்டையே கெடுத்துவிட்டேனா?

பவன்குமார் வந்திருந்தான். அக்காங்க எங்கே என்று கேட்கப் போய், கேட்காமலே வந்துவிட்டேன்.

16-11-2001, வெள்ளி

ஏழுமலை பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கையில் துணி மூட்டை. ஸ்டாஃப் ரூம் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"கடேசி ஆர்டருக்கு தார் சுத்தி வெக்க சொல்லி பொண்ணுங்கள ஊட்ல நிறுத்திட்டேன் டீச்சர். நாளையிலேர்ந்து வருங்க. நான் ஒண்டியா போறேன்."

"சாப்பாட்டுக்கு?"

"தறிக்காரங்க மெஸ் ஒண்ணு கீதாம். கொஞ்சம் கைய கடிக்கும். பாத்துக்கலாம்." போகத் திரும்பியவர் நின்றார். "அது கேட்டுதே டீச்சர், அன்னிலேர்ந்து அதையே ரோசன பண்ணிகினு இருந்தேன். பவன இட்டுகினு போலாம்னு கூட நெனச்சேன். அவனுக்கு அடுப்பு பத்தவெக்கவே தெரியாது. நானும் கத்துக் குடுக்கல, அவங்க அம்மாவும் கத்துக் குடுக்கல. ஏன் கத்துக் குடுக்கல? பதில் வரல டீச்சர்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

9-1-2002, புதன்

ஏழுமலை தனியாகப் போனதில் எல்லாம் சுபம் என்று எழுதிவிட முடியாது. கல்பனா வகுப்பில் தூங்கி விழுகிறாள். அக்கா தங்கை இரண்டு பேரும் விடிவதற்கு முன் எழுந்து தார் சுற்றிவிட்டு வருகிறார்கள். நான் அவளை எழுப்புவதில்லை. அவள் குழுவே அவளைச் சுற்றி மெதுவாகப் பேசப் பழகிக்கொண்டது. இந்தப் பிள்ளைகள், மெதுவாக!

ஜெயச்சந்திரன் சார் மதியம் என்னிடம் வந்தார். "ருக்மணிம்மா, ஒரு விஷயம் சொல்லணும். நீங்க திட்டக் கூடாது."

பாடத்தில் இல்லாததைக் கேட்டால் "உட்காரு" என்பதுதான் அவர் வழக்கம். இன்றைக்குப் பத்மாவதி எதையோ கேட்டிருக்கிறாள். "உட்காருன்னு சொல்ல வாய் வரலைம்மா. 'நீ என்ன நினைக்கிற?'ன்னு கேட்டுட்டேன். அவ்ளோதான். மணி அடிச்சதுகூட யாருக்கும் தெரியல. உங்க ஆராய்ச்சிய கெடுத்துட்டேன்." குற்றவாளி மாதிரி சொல்ல முயன்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"நாளைக்கும் கெடுங்க சார்" என்றேன்.

18-2-2002

செங்கம்மா பவன்குமாருக்குத் தார் சுற்றக் கற்றுக்கொடுத்துவிட்டார். முதல் நாள் நூலெல்லாம் சிக்கு. கல்பனா சிக்கை எடுத்துக்கொண்டே திட்டினாளாம். இப்போது கல்பனா வகுப்பில் தூங்குவதில்லை.

26-3-2002, செவ்வாய்

இரண்டு பிரிவுக்கும் தேர்வு வைத்தேன். பார்த்திராத ஒரு பத்தி, அதைப் பற்றி இரண்டு கேள்விகளை அவர்களே உண்டாக்க வேண்டும், ஒன்றுக்குக் காரணத்தோடு பதில் எழுத வேண்டும். பெயரை மடித்துவிட்டு, ஹெட்மாஸ்டரின் மனைவியைக் கொண்டு திருத்தவைத்தேன். அவரும் டீச்சர்தான், புத்தூரில் தமிழ்ப் பள்ளிக்கூடம்.

வித்தியாசம் இல்லை.

ஏ பிரிவும் பி பிரிவும் ஏறத்தாழ ஒன்று. இரண்டும் வருட ஆரம்பத்தைவிட வெகுதூரம் மேலே. ஆனால் என் ஆய்வுக்கு வேண்டியது வித்தியாசம்.

6-4-2002, சனி

நாகேந்திரன் சார் தாள்களை நிதானமாகப் புரட்டினார். வெளியே யாரோ சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

"புள்ளிவிவரப்படி, உங்க முறைக்கும் பழைய முறைக்கும் வித்தியாசம் இல்லைன்னுதான் எழுதணும்."

"ஆமாம் சார். ஏன் இல்லை என்பதையும் எழுதணும். தங்கச்சியிடம் அக்கா சொன்னாள். தெருப் பெண்கள் கேட்டார்கள். சார் மாறிவிட்டார். இதையெல்லாம் ஓர் அத்தியாயமாக எழுதுகிறேன்."

"அதை எல்லாம் எக்ஸாமினர் ஒத்துப்பாரான்னு தெரியலையேம்மா. வேற ஊர்ல, தூரமா இருக்கற ரெண்டு ஸ்கூலா பார்த்து அடுத்த வருஷம் திரும்பப் பண்ணலாமே. சுத்தமா வரும்."

பண்ணலாம். இன்னொரு பிள்ளைக்கூட்டத்தைக் 'கட்டுப்பாட்டுக் குழு' என்று எழுதி, ஒரு வருடம் அவர்களுக்கு ஒன்றும் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளலாம். யோசித்துத்தான் சொன்னேன்: "இல்லை சார். இதையே எழுதுகிறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிரிக்கச் சொன்னது நான்தானேம்மா, அந்த ரெட்டைப் புள்ளைங்கள. அதையும் எழுதிடுங்க." கொஞ்சம் கழித்து, "அந்தப் பொண்ணு என்ன கேட்டா, திரும்பச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். அவருக்கும் ஒரு தங்கை உண்டாம், பத்தாவதோடு நிறுத்திவிட்டார்களாம். அதை மட்டும் சொல்லிவிட்டுப் பியூனிடம் டீ வாங்கிவரச் சொன்னார்.

12-5-2002, ஞாயிறு

வெயில். மதியம் வாசலில் கால் வைக்க முடியவில்லை.

ஊர் அம்மன் ஜாத்திரைக்கு ஏழுமலை வந்திருக்கிறார். இளைத்திருக்கிறார். மார்க்கெட்டில் பார்த்தேன். மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையாம். லீவு முடிகிறவரைக்கும் பவன்குமாரைக் கூட்டிப்போகிறாராம். "அவங்க அம்மா சோறு வடிக்க, ரசம் வெக்க கத்துக் குடுத்துகினு இருக்கா டீச்சர். மூணு நாளா ஊட்ல எங்களுக்கு அவன் சமையல்தான்." முகத்தைச் சுளித்துக் காட்டினார்.

"பையன் என்ன சொல்றான்?"

"ஒரே அழுவ. 'அக்காங்க வராம நான் மட்டும் ஏன்'னு கேக்கறான். அதுக்கு பத்மா, 'நீயும் இதே கேள்விய கேக்கறியேடா, நல்லாத்தான் கேக்கற'ன்னு சொல்லுது."

13-6-2002, வியாழன்

பள்ளி திறந்தது. புது வருடத்தில் எட்டு, ஒன்பது இரண்டுக்கும் ஜெயச்சந்திரன் சாரும் நானும் மாறி மாறிப் போகிறோம். ஹெட்மாஸ்டர் சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தன் அறையை மாடிக்கு மாற்றிக்கொண்டுவிட்டார்.

ஆய்வேட்டைப் போன வாரம் கொடுத்துவிட்டேன். என்ன சொல்வார்களோ, சொல்லட்டும்.

இடைவேளையில் ஏழாம் வகுப்பு வராந்தாவில் பையன்கள் கூட்டம். சண்டையோ என்று வேகமாகப் போனேன். நடுவில் பவன்குமார். ஒரு மாதத்தில் வளர்ந்துவிட்டிருந்தான். வலது கை மணிக்கட்டில் சூடு பட்ட தழும்பு. தன் புத்தகப் பையைக் குப்புறப் பிடித்துக்கொண்டு, ஒரு பையனின் கையைப் பிடித்து இழுத்து அதன்மேல் வைத்துக்கொண்டிருந்தான்.

"இப்படி இல்லடா. மூடிய துணியோட அழுத்தி புடிக்கணும். லூசா புடிச்சா கஞ்சியோட சோறும் போயிடும். எங்க நைனாவுக்கு அன்னிக்கு ராத்திரி வெறும் ரசம்தான்."

"நீயாடா சோறாக்கின?" என்று ஒருவன் சிரித்தான்.

"பின்ன யாரு? நைனா தறியில இருந்தாரு."

மணி அடித்தது. யாரும் நகரவில்லை. அவன் பையை நிமிர்த்தி, மறுபடி முதலிலிருந்து காட்ட ஆரம்பித்தான்.